ராணுவத் தளம் நிலத்தடி நீரைக் கெடுத்தால் அமெரிக்க மாநில அரசால் என்ன செய்ய முடியும்?

"ராணுவம் மத்திய அரசுடையது, அதைப் போய் ஒரு மாநிலம் எப்படி அதட்டும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதட்டலாம். ஆனால் கசிந்தது எரிபொருளா, வேறு ரசாயனமா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எரிபொருளுக்கு ஹவாயைப் பாருங்கள். ஓஹு தீவில் ரெட் ஹில் குன்றைக் குடைந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை 20 தொட்டிகள் கட்டியது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம். ஹொனலுலு நகரம் குடிக்கும் நிலத்தடி நீர் அதற்குச் சுமார் 100 அடி கீழே கிடக்கிறது. 2014-இல் ஒரு தொட்டியிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் கசிந்தது. மறு வருடம் மாநிலச் சுகாதாரத் துறையும் மத்தியச் சுற்றுச்சூழல் முகமையும் கடற்படையோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. அப்புறம் அறிக்கை, திருத்திய அறிக்கை என்று காலம் போனது.

2021 நவம்பரில் மறுபடி கசிவு. சுமார் 93,000 பேருக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாய்களில் எரிபொருள் கலந்தது. வீடுகளில் பெட்ரோல் வாடை வீசிக்கொண்டிருந்தபோது, தளத்தின் தலைமை அதிகாரி தானும் தன் ஊழியர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று மக்களுக்குச் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ரெட் ஹில் தொடக்கப் பள்ளியில் மாநிலம் தானே எடுத்த சாம்பிளில் எண்ணெய் தெரிந்தது. டிசம்பர் 6-இல் தொட்டிகளைக் காலி செய்யச் சொல்லி மாநிலம் அவசர உத்தரவு போட்டது. கடற்படை எதிர்த்தது, வழக்கு வரை போனது. ஆனாலும் 2022 மார்ச்சில் பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் கிடங்கையே மூடுவதாக அறிவித்தார். நிலத்தடி எரிபொருள் தொட்டிகள் விஷயத்தில் மாநிலச் சட்டம் மத்திய அரசின் தளங்களையும் கட்டுப்படுத்தும் என்று நாடாளுமன்றமே எழுதி வைத்திருந்ததுதான் மாநிலத்தின் பலம்.

தீயணைப்பு நுரையில் வரும், எளிதில் சிதையாத பீஃபாஸ் (PFAS) ரசாயனங்கள் என்றால் கதை வேறு. நியூ மெக்சிகோவில் கேனன் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்துப் பால் பண்ணையில் மாடு குடித்த தண்ணீரிலேயே அது இருந்தது. 2022-இல் சுமார் 3,600 மாடுகளைக் கொன்றார்கள். அதற்கு முன்பே, 2019-இல், மாநிலம் போட்ட நிபந்தனையை எதிர்த்து விமானப்படை நீதிமன்றம் போயிருந்தது. மாநிலமும் பதிலுக்கு வழக்குப் போட்டது. இத்தகைய மாசுக்கு 'சூப்பர்ஃபண்ட்' என்கிற மத்தியச் சட்டம்தான் பொதுவான வழி. அதில் ராணுவத் தளத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பு ராணுவத்திடமே இருக்கிறது. மாநிலம் அறிக்கையைப் படித்து ஆட்சேபம் எழுதலாம், தன் சட்ட வரம்புகளை மதிக்கச் சொல்லலாம். அந்தச் சட்டத்தில் பெட்ரோலியத்துக்கு விலக்கு உண்டு. அதனால்தான் எண்ணெய் கசிந்தால் மாநிலத்தின் கை ஓங்குகிறது. எனக்கே இது புரிய வெகு நாள் பிடித்தது.

நான் கண்காணிப்புக் கிணறுகளில் சாம்பிள் எடுக்கும் வேலை பார்த்தவன். மேற்பார்வை என்பது பெரும்பாலும் இரண்டு பாட்டில் சமாசாரம்: ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒன்று சுத்தம் செய்பவரின் ஆய்வகத்துக்கு, மற்றொன்று மாநிலத்தின் ஆய்வகத்துக்கு. எரிபொருள் ஆவியாகிவிடும் என்பதால் 40 மில்லி குப்பியை விளிம்பு பிதுங்க நிரப்பி மூடி, கவிழ்த்துத் தட்டிப் பார்ப்போம். ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். பீஃபாஸ் என்றால் மழைக்கோட்டு கூடப் போடக் கூடாது, அந்தத் துணிப் பூச்சிலும் அதுவே இருக்கலாம்.

இந்த மேற்பார்வைக்கு மாநிலத்துக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை, தனி ஒப்பந்தம் போட்டுப் பாதுகாப்புத் துறையே கொடுக்கிறது. பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி.