பழைய பெரிய பொட்டி கெமரா: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

போன கெழம பொகவந்தலாவ பக்கம் எடுத்த படத்த போட்டதுல இருந்து எல்லாரும் கெமராவ பத்தியே கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட்டு முடியல, அதனால எல்லாம் இங்கயே. நான் ஒன்னும் பெரிய ஆளு இல்ல, மாமாவோட ஸ்டூடியோவுல சின்ன வயசுல கருப்புத் துணிக்குள்ள தலைய விட்டவன், அப்புறம் பழைய கெமரா வாங்கி பாதிய கெடுத்து மீதிய திருத்துனவன்.

தலவாக்கலை தம்பி: அண்ணே, தோட்டத்து பங்களாவுல பழைய சாமான் விக்கிறாங்க, மரத்துல செஞ்ச கெமரா ஒன்னு பித்தளை லென்ஸோட பளபளன்னு இருக்கு. வாங்கலாமா?

பளபளப்ப விடுங்க தம்பி, பின்னால செருகுற ஹோல்டர், அதாவது ஃபிலிமோ கண்ணாடி பிளேட்டோ வெளிச்சம் படாம வைக்கிற சட்டம், இருக்கான்னு மொதல்ல கேளுங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ் கெமராவுல நெறைய ஹாஃப் பிளேட்டு, அதாவது நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை, இப்ப லேசா கெடைக்கிற ஷீட் ஃபிலிம் (சுருளா இல்லாம தாள் தாளா வர்றது) 4 அங்குலத்துக்கு 5. அந்த ஹோல்டர ஒவ்வொரு கம்பனியும் அவனவன் இஷ்டத்துக்கு செஞ்சான், ஒருத்தன்து இன்னொருத்தன் கெமராவுல ஒக்காராது. ஒக்காந்தாலும் அது கண்ணாடி பிளேட்டுக்கு செஞ்சது, ஃபிலிம் போடணும்னா உள்ள வைக்க தகரத்துல ஒரு ஒறை வேணும். நான் மொதமொதல்ல வாங்குனது ஹோல்டர் இல்லாத பொட்டிதான், இன்னும் அலுமாரி மேல இருக்கு, அம்மா அதுக்கு மாலை போடாததுதான் கொற.

பண்டாரவளை தம்பி: அப்ப புதுசா தொடங்குறவன் எத வாங்குறது?

கிரவுன் கிராஃபிக், 4க்கு 5. அமெரிக்காவுல கிராஃபிளெக்ஸ் கம்பனி 1947ல இருந்து 1973 வரைக்கும் செஞ்சது, மடிச்சா சோத்துப் பொட்டி மாதிரி ஆயிரும், ஹோல்டரும் தாராளமா கெடைக்கும். அதே கம்பனியோட ஸ்பீட் கிராஃபிக்னா பின்னால தனியா ஒரு திரை ஷட்டர் (வெளிச்சத்த உள்ள விட்டு மூடுற கதவு) இருக்கும், அதனால ஷட்டர் இல்லாத பித்தளை லென்ஸும் போடலாம், ஆனா அந்தத் திரை கெழடா போயிருந்தா அது வேற தலைவலி. சினார் மாதிரி, ஒரே கம்பி மேல முன்னும் பின்னும் நகருற தண்டவாளக் கெமரா எல்லாப் பக்கமும் வளையும், வெலையும் கொறைவு, ஆனா அதத் தூக்கிக்கிட்டு லிப்டன் சீட் ஏறிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

கண்டி அக்கா: நான் வாங்குன லென்ஸ்ல 1 செக்கன் வச்சா ஷட்டர் தெறந்தபடியே நிக்குது தம்பி. ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடவா?

ஐயோ அக்கா, விட்றாதீங்க! எண்ணெய் ஷட்டருக்குள்ள தெறந்து மூடுற தகடு மேல ஊறுனா பூந்து பூந்து ஒட்டிக்கும், அதுக்கப்புறம் கழட்டித்தான் கழுவணும். உள்ள இருக்குற பழைய கிரீஸ் எறுகிப் போயிருக்கு, அவ்வளவுதான், நம்ம ஊரு காலைக் குளிர்ல இன்னும் மோசம். நல்லா இருக்குற ஷட்டர்னா 1 செக்கன்ல ஒரே சீரா ‘ஸ்ர்ர்ர்’னு ஓடி ‘டக்’னு மூடும், உங்கள்து நடுவுல மூச்சு வாங்கும். வெயில் ஏறுன பொறகு ஒரு அம்பது தடவ சும்மா அடிச்சிப் பாருங்க, சில நேரம் அதுலயே வழிக்கு வந்துரும். வரலன்னா தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்து கழுவ வைங்க. அப்புறம் போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்க, செக்கனுக்கு 240 படம் புடிக்கிற போன்னா ஷட்டர செக்கன்ல 30ல ஒரு பங்குக்கு வச்சு அடிச்சா 8 படத்துல வெளிச்சம் தெரியணும். 12 தெரிஞ்சா அது 20ல ஒரு பங்கு. பரவால்ல, எப்பவும் ஒரே மாதிரி ஓடுனா போதும், சரியான கணக்க சின்ன தாள்ல எழுதி லென்ஸ் பலகையில ஒட்டிருங்க. காம்பர்ங்கிற பழைய ஷட்டர்னா இன்னொன்னு, ஆகக் கூடின ஸ்பீட வைக்கணும்னா ஷட்டரோட ஸ்பிரிங்க ஏத்துறதுக்கு முன்னாடியே வைக்கணும், ஏத்திட்டுத் திருப்புனா ஸ்பிரிங்கு போயிரும்.

ஹப்புத்தளை தங்கச்சி: எல்லாப் படத்துலயும் ஒரு மூலையில வெள்ளையா பொக மாதிரி வருது அண்ணே, மிஸ்ட்டுதான்னு நெனச்சேன்.

மிஸ்ட்டு ஒரே மூலையில வந்து நிக்குமா தங்கச்சி! எங்கயோ வெளிச்சம் ஒழுகுது. ராத்திரி லைட் எல்லாம் நிப்பாட்டிட்டு பெல்லோஸ, அதான் நடுவுல இருக்குற மடிப்புத் துருத்திய, நல்லா இழுத்து உள்ள டோர்ச்ச வைங்க, கண்ணு இருட்டுக்குப் பழகட்டும், மடிப்பு மூலையில ஊசி குத்துன மாதிரி மின்னும். துணிக்கு அடிக்கிற கருப்பு பெயின்ட மெல்லிசா பூசி, விரிச்சபடியே காய விடுங்க. இன்சுலேஷன் டேப் ஒட்டாதீங்க, பிசின் எறங்கி மடிப்போட ஒட்டிக்கும். ஒன்னும் மின்னலன்னா ஹோல்டர்லதான் கொளாறு. ஹோல்டருக்கெல்லாம் நம்பர் போட்டு வைங்க, எது திருடன்னு ரெண்டே தடவையில தெரிஞ்சிரும்.

பதுளை தம்பி: கெமராவுக்குப் பின்னால படம் விழுற சொரசொரப்புக் கண்ணாடியில பாக்குறப்ப கூர்மையா இருக்கு, ஃபிலிம்ல இல்ல.

யாரோ கண்ணாடியக் கழட்டி மாத்திப் போட்டிருக்கான். சொரசொரப்பு பக்கம் லென்ஸப் பாக்கணும். நகத்தால லேசா கீறிப் பாருங்க, தெரியும்.

மஸ்கெலியா தம்பி: ஃபிலிம் வெலைய கேட்டா தலை சுத்துது அண்ணே.

எக்ஸ்ரே ஃபிலிம் போடுங்க. 8க்கு 10 ஷீட்ட நாலா வெட்டுனா 4க்கு 5, கொஞ்சம் ஓரம் செதுக்கணும், இல்லாட்டி ஹோல்டர்ல போகாது. செவப்பு லைட் போட்டுக்கிட்டே வெட்டலாம், கழுவலாம், கண்ணால பாத்துக்கிட்டே எடுக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் மருந்து இருக்கு, ஈரத்துல சும்மா தொட்டாலே கோடு விழும், அதனால கழுவுற தட்டுக்குள்ள அடியில கண்ணாடி போட்டு ஒவ்வொன்னா கழுவுங்க. ஃபிலிமோட ஸ்பீட நான் 50ன்னு (ISO) வச்சு வெளிச்சத்த அளக்குறேன். இன்னொரு வேடிக்கை, அதுக்கு செவப்பு கண்ணு தெரியாது. கொழுந்தெடுக்குற அக்கா ஒருத்தரு செவப்பு சேலையில நின்னாங்க, படத்துல சேலை கருப்பு, குங்குமமும் கருப்பு. “என்னடா, என்னய எழவு வீட்டுக்கு அனுப்பிட்ட”ன்னு திட்டுனாங்க.

ஓய்வு பெற்ற ஆசிரியர், டிக்கோயா: தம்பி, நீங்க படம் எடுத்தது கேமரன் அம்மையாரின் கல்லறையா?

ஆமா ஐயா, பொகவந்தலாவ செயின்ட் மேரிஸ் கோயில் தோட்டத்துல. தெரியாதவங்களுக்கு, ஜூலியா மார்கரெட் கேமரன், அந்தக் காலத்துல பேர் போன இங்கிலீஷ் படப்பிடிப்பாளர். 1875ல இலங்கைக்கு வந்தாங்க, 1879ல உங்க டிக்கோயா பக்கந்தான் செத்தாங்க. அவங்க கண்ணாடியில மருந்து ஊத்தி, அது காயுறதுக்குள்ள எடுத்து கழுவணும், நாம ஃபிலிம் வெலைக்கு அழறோம். இங்க எடுத்த படத்துல நம்ம ஆளுங்க மொகமும் இருக்கு ஐயா, பேருதான் இல்ல.

தலவாக்கலை தம்பி: அண்ணே, போய் பாத்தேன். ஹோல்டர் மூனு இருக்கு. ஒன்னுக்குள்ள கண்ணாடி ஒன்னு மாட்டிக்கிட்டு இருக்கு, வெளிச்சத்துல புடிச்சா யாரோ ஒரு பொம்பளையும் புள்ளையும் தெரியுறாங்க.

தொடச்சிராதீங்க! தண்ணி, துணி ஒன்னும் படக்கூடாது, ஓரத்துல மட்டும் புடிங்க. வெள்ளைத் தாள்ல சுத்தி, படுக்கப் போடாம நிக்க வச்சுக் கொண்டாங்க. கெமராவ வாங்குனாலும் வாங்காட்டியும் அதக் கேட்டு வாங்கிருங்க. ஞாயித்துக்கெழம நான் ஹட்டன்லதான் இருக்கேன்.