‘எ பிட் டிஸ்ஸப்பாயிண்டட்’ என்றால் எவ்வளவு கோபம்?

தங்கச்சி, திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கிலாந்தின் லெஸ்டரில் நர்ஸாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வார்டு மேனேஜர் சிரித்த முகத்தோடு “ஐ ஆம் எ பிட் டிஸ்ஸப்பாயிண்டட்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அது கோபமா, சும்மா சொன்னதா? நமக்குக் கோபம் வந்தால் இங்கே எந்த வார்த்தையில் சொல்வது? இதுதானே உங்கள் கேள்வி.

கோபம்தான், நல்ல கோபமே. இந்த ஊரில் ‘எ பிட்’ என்பதை மரியாதைக்காகப் போடுகிறார்கள், அதை வைத்துக் கோபத்தின் அளவைக் கணக்கிடாதீர்கள். மேலே இருப்பவர் ‘டிஸ்ஸப்பாயிண்டட்’ என்றால், இன்னொரு முறை இப்படி நடக்கக் கூடாது என்று பொருள். அடுத்த ஷிப்டிலேயே தனியாகப் போய், “நான் என்ன செய்திருக்க வேண்டும்?” என்று கேட்டுவிடுங்கள். விளக்கம் சொல்வதெல்லாம் அப்புறம், முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். நேராக வந்து கேட்பவர்களை இங்கே மதிப்பார்கள்.

நம் எரிச்சலுக்கு ‘அனாய்ட்’, ‘இரிடேட்டட்’ சரியாக இருக்கும். ‘கிராஸ்’ வீட்டுக்குள், பிள்ளைகளிடம் பேசும் வார்த்தை. வயதான நோயாளிகள் “ஐ ஆம் கிராஸ் வித் யூ” என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் நின்று பேசினால் பெரும்பாலும் தணிந்துவிடுவார்கள். லெஸ்டர், நாட்டிங்ஹாம் பக்கம் ‘மார்டி’ என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உம்மென்று இருப்பவரை அப்படிச் சொல்வார்கள். கூட வேலை செய்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லலாம், நோயாளியைப் பார்த்து நீங்கள் சொல்லக் கூடாது. ‘ஃப்யூமிங்’, ‘லிவிட்’ இரண்டும் நம் ஆத்திரம், கொதிப்பு மாதிரி. காபி குடிக்கும்போது சிநேகிதியிடம் நடந்ததைச் சொல்ல அவை போதும், மேனேஜருக்கு எழுதும் இமெயிலில் வேண்டாம். அமெரிக்கப் படம் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘பிஸ்ட்’ என்றால் அங்கே கோபம், இங்கே குடிபோதை.

வேலையிடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை ‘ஃப்ரஸ்ட்ரேட்டட்’. “ஐ ஆம் ஃப்ரஸ்ட்ரேட்டட் தட் தி ரோட்டா சேஞ்ச்டு அகெய்ன்” என்றால் கோபம் ஆள் மேல் போகாமல் ரோட்டா மேல், அதாவது ஷிப்ட் பட்டியல் மேல் போகிறது. எதிரில் இருப்பவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் அவசியம் இல்லாததால், பதிலும் கிடைக்கும். ‘ஆங்ரி’ என்று உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் பேச்சு ரோட்டாவை விட்டுவிட்டு உங்கள் குணத்துக்குத் தாவிவிடும்.

இனி முக்கியமான விஷயம். நம் பெண்கள் பலர் டாக்டரிடமும் மேனேஜரிடமும் எதிர்த்துப் பேசக் கூடாது என்றே வளர்ந்தவர்கள். வார்டில் அந்த மௌனம் ஒரு உயிருக்கு ஆபத்தாக முடியலாம். மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றை வைத்துப் போடும் நியூஸ்-2 ஸ்கோர் உங்கள் நோயாளிக்கு 5-க்கு ஏறிவிட்டது, அவசரமாக டாக்டர் வந்து பார்க்க வேண்டிய அளவு அது. இரண்டு முறை ப்ளீப் செய்தும் (பேஜரில் அழைத்தும்) டாக்டர் வரவில்லை, உங்களுக்கு உள்ளே கொதிக்கிறது என்று வையுங்கள். அந்தக் கொதிப்பைச் சொல்லப் படிப்படியாக மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. முதலில் “ஐ ஆம் கன்சர்ன்டு”. அசையவில்லையா, “ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள் வித் திஸ்”. அதற்கும் அசையவில்லை என்றால் “திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ”. இதைப் பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லித் தருகிறார்கள், கன்சர்ன்டு, அன்கம்ஃபர்டபிள், சேஃப்டி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கஸ்’ (CUS) என்பார்கள். மூன்றாவது வாக்கியத்தை அமைதியான குரலில் சொல்லிப் பாருங்கள், கத்துவதைவிட வேகமாக ஆள் வரும். “ஐ ஆம் நாட் ஹேப்பி வித் ஹிஸ் ப்ரீதிங்” என்று சீனியர் நர்ஸ் போனில் சொல்வதையும் கேட்பீர்கள். அது வருத்தமோ மனக்குறையோ இல்லை, உடனே வந்து பாருங்கள் என்ற அழைப்பு.

குரலையும் கவனியுங்கள். நம் ஊரில் சத்தமாகப் பேசுவது சாதாரணம், பாசத்தில்கூடச் சத்தம் வரும். இங்கே அதே சத்தத்தைக் கேட்டு ‘அக்ரெசிவ்’ என்று எழுதிவிடுவார்கள். அது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஃபைலில் ஏறிய பிறகு அந்தச் சொல்லை இறக்குவது கஷ்டம். வார்த்தை உறுதியாக இருக்கட்டும், சத்தம் குறைவாக இருக்கட்டும்.

எழுதும்போது கோபத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லும் தேவையில்லை. சம்பவ அறிக்கையில், அதைப் பதிவு செய்யும் மென்பொருள் டேட்டிக்ஸோ வேறு எதுவோ, எத்தனை மணிக்கு யாரை அழைத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று மட்டும் எழுதுங்கள். வார்டுக்குள் சொல்லியும் நடக்கவில்லை என்றால், இங்கிலாந்தில் ஒவ்வொரு என்.ஹெச்.எஸ். ட்ரஸ்டிலும், அதாவது அரசு ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்பிலும், ஊழியர்கள் தங்கள் கவலையைப் போய்ச் சொல்ல ‘ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்’ என்று ஒருவர் இருப்பார். நோயாளிகளைச் சரியாகக் கவனிக்காமல் விட்ட மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் ஆஸ்பத்திரி விவகாரத்துக்குப் பிறகு, அதை விசாரித்த வழக்கறிஞர் சர் ராபர்ட் ஃபிரான்சிஸ் 2015-இல் கொடுத்த அறிக்கையால் வந்த ஏற்பாடு அது. விசா போய்விடுமோ என்ற பயத்தில் நம்மவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. தட்டுங்கள்.

கடைசியாக, நோயாளியோ கூட வந்தவரோ கெட்ட வார்த்தை பேசினால், நிறத்தைச் சொல்லித் திட்டினால், அவர் ‘அப்செட்’டாக இருக்கிறார் என்று யாராவது உங்களைச் சமாதானப்படுத்த வருவார்கள். ஏற்க வேண்டாம். “ப்ளீஸ் டோன்ட் ஸ்பீக் டு மி லைக் தட்” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, அந்த ஷிப்டின் பொறுப்பு நர்ஸைக் கூப்பிடுங்கள். அன்றைக்கே அறிக்கையும் போட்டுவிடுங்கள்.