படுவான்கரைப் பிள்ளைக்கும் அவளுடைய அம்மாவுக்கும்: வானொலியில் தாய்சேய் நலம்

கேள்வி: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இளம் பெண்களுக்குத் தாய்சேய் நலம் பற்றிச் சமூக வானொலி நிகழ்ச்சி தொடங்க விரும்புகிறோம். எங்கே தொடங்குவது, எங்கே பிழைக்கும்?

முதலில் யார் கேட்கப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். வெளியூர் மாதிரிப் பிரதிகளில் கர்ப்பிணிக்கு உத்தரவு போடுகிறவர் மாமியார். நம் பக்கத்தில் அது பொருந்தாது. தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் பிள்ளைத்தாச்சி எதைச் சாப்பிடுவது, எப்போது கிளினிக் போவது என்பதில் பெரும்பாலும் அவளைப் பெற்றவளின் சொல்தான் நிற்கும். அம்மாவையும் உம்மாவையும் குறை சொல்லாமல் கூட வைத்துப் பேசுங்கள். சமையல் முடிந்த பிற்பகல் நல்ல நேரம். நோன்பு மாதத்தில் அதை மாற்ற வேண்டும்.

சொந்த அலைவரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவைப் போலச் சமூக வானொலிக்கென்று தனி அனுமதி முறை இலங்கையில் இல்லை. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலியும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான் இயங்கியது. இருக்கிற நிலையம் ஒன்றில் வாரம் அரை மணி நேரம் கேளுங்கள். அதே ஒலிப்பதிவை 3 நிமிடத் துண்டுகளாக வட்ஸ்அப்பிலும் விடுங்கள்.

விஷயத்தைக் கர்ப்பத்திலிருந்து தொடங்கினால் பிந்திவிடும். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாளில் மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதை அவள் கவனிக்கும்போதே அதில் பாதி நாள் போயிருக்கும். போலிக் அமிலக் குளிசையைக் கலியாணம் முடிந்த கையோடு தொடங்கச் சொல்வது அதனால்தான். கர்ப்பத்தைப் பதிவதும் 8 வாரத்துக்குள் நடக்க வேண்டும். முதல் நிகழ்ச்சிகள் புதுமணப் பெண்களுக்காகவே இருக்கட்டும்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு செயல். இரத்தக்குறைவு, தாய்ப்பால், தடுப்பூசி மூன்றையும் அரை மணியில் திணித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. வைத்தியர் ‘குருதிச்சோகை’ என்றால் பாதிப்பேர் கவனத்தை விட்டுவிடுவார்கள், ‘இரத்தம் காணாது’ என்றால் காது கொடுப்பார்கள். சிறு துண்டு ஒன்று இப்படி இருக்கலாம்:

மகள்: அம்மா, அந்தக் குளிசை குடிச்சா மலம் கறுப்பாப் போகுது. நான் நிப்பாட்டிட்டன்.
அம்மா: அது இரும்புக் குளிசைட குணம் புள்ள, பயப்பட ஒண்டுமில்ல. தேத்தண்ணியோட மட்டும் குடிக்காத, சத்து உடம்புல சேராது. தேசிக்காய்த் தண்ணியோட குடி. கல்சியத்த வேற நேரம் குடி.

காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கத்துக்கு இதையே அந்த ஊர்ப் பேச்சில், அந்த ஊர்க் குரலில் தனியாகப் பதியுங்கள். அம்மா என்பதை உம்மா என்று மாற்றினால் மட்டும் போதாது.

அபாய அறிகுறிகள் மட்டும் எல்லா நிகழ்ச்சியிலும் வர வேண்டும்: இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், விடாத தலையிடி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றில் தலையிடிதான் ஏமாற்றும். கண்ணூறு என்று நூல் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள், அதற்குள் பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிடும். நூல் கட்டுவதைப் பழிக்காதீர்கள். ‘நூலோடயே ஆஸ்பத்திரிக்குப் போங்க, 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசம்’ என்று சொல்லுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழைக்கு ஐப்பசியிலேயே ஒரு நிகழ்ச்சி தேவை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகும் கிரான் புலிபாய்ந்தகல் பாதை மூழ்கினால் வள்ளம்தான். நாள் கிட்டினவர்கள் வெள்ளத்துக்கு முன்பே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வரவும், கிளினிக் கார்டைப் பொலித்தீன் பையில் சுற்றி வைக்கவும் சொல்லுங்கள்.

நேரடித் தொலைபேசி அழைப்பு கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயரை மறைத்தாலும் சின்ன ஊரில் குரலைக் கண்டுபிடித்துவிடுவார்கள், கலியாணமாகாத பிள்ளை பிறகு கேள்வியே கேட்கமாட்டாள். கேள்விகளை வாங்கி வேறொரு குரலில் வாசியுங்கள், ஊரையும் வயதையும் மாற்றிவிடுங்கள். குளிசையின் அளவை ஒலிபரப்பில் சொல்லவே வேண்டாம், அதை அவரவர் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லட்டும். பிரதியை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் காட்டிய பிறகே பதியுங்கள். பதிந்த பின் திருத்தம் வந்தால் முழுவதையும் திரும்பப் பேச வேண்டிவரும்.

பதிவுக்கு நல்ல போன் ஒன்றே போதும். ஃபேனை நிறுத்தி, கதவுக்கும் ஜன்னலுக்கும் தடித்த போர்வை தொங்கவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். முடித்ததும் ஹெட்போனில் கேட்பதோடு விடாமல் ஒரு மலிவு ரேடியோவிலும் போட்டுப் பாருங்கள். பின்னணி இசை பேச்சை மூடுவது அங்கேதான் தெரியும்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு பெரிதாக உதவாது. மாதம் ஒருமுறை கிளினிக் நாளில் 10 தாய்மாரிடம் கேளுங்கள்: என்ன ஞாபகம் இருக்கிறது, என்ன செய்தீர்கள், எது விளங்கவில்லை. குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கச் சொன்னதாக யாராவது ஞாபகம் வைத்திருந்தால், பிழை உங்கள் வசனத்தில்தான். ‘குடிக்காத’ என்பதில் கடைசிப் பகுதி காதில் விழாமல் போயிருக்கும். அப்படியானால் தேத்தண்ணி என்ற சொல்லையே எடுத்துவிட்டு, தேசிக்காய்த் தண்ணியை மட்டும் வைத்துத் திரும்பப் பதியுங்கள்.