முதல் நாவலைத் தாமே பதிப்பிப்போருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் முதல் நாவலைச் சில பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், எங்கிருந்தும் பதில் வரவில்லை. இப்போது ஒரு நிறுவனம், நான் ஒரு தொகையைச் செலுத்தினால் அச்சு முதல் விளம்பரம் வரை அனைத்தையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: பதிப்பகங்களின் மௌனத்தை உங்கள் எழுத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பதிப்பகம் ஓராண்டில் வெளியிடக்கூடிய முதல் நாவல்கள் சிலவே என்பதால், பிரிக்கப்படாமலே காத்திருக்கும் கைப்பிரதிகள் எங்கும் உண்டு. சுயமாகப் பதிப்பிப்பது கௌரவக் குறைவும் அன்று.

ஆனால் சுயபதிப்பு வேறு, பணம் வாங்கிக்கொண்டு நூல் போடும் நிறுவனத்திடம் கைப்பிரதியை ஒப்படைப்பது வேறு. முன்னதில் நீங்களே பதிப்பாளர்; எடிட்டர், அட்டை வடிவமைப்பாளர், அச்சகம் என ஒவ்வொருவரையும் நீங்களே தேர்ந்து ஊதியம் தருகிறீர்கள்; உரிமையும் கோப்புகளும் வருவாயும் உங்களிடமே இருக்கும். பின்னதில், நூல் ஒரு படிகூட விற்காவிட்டாலும் அந்த நிறுவனத்திற்குரிய பணம் உங்களிடமிருந்து முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. நேர்மையாக நடக்கும் நிறுவனங்களும் உள்ளன; அவற்றை ஒப்பந்தத்தைக் கொண்டுதான் இனங்காண முடியும். எத்தனை ஆண்டுகளுக்கு உரிமம் கேட்கிறார்கள், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளையும் சேர்த்துக் கேட்கிறார்களா, விலக விரும்பினால் வழி என்ன, பக்க வடிவமைப்பின் மூலக்கோப்புகளை உங்களிடம் தருவார்களா, ராயல்டி (விற்பனையில் எழுதியவருக்குரிய பங்கு) அட்டை விலையின் மீதா அல்லது கழிவுகள் போக எஞ்சும் தொகையின் மீதா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். ‘விளம்பரம் செய்வோம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, எப்போது, என்ன செய்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

‘பதிப்புரிமை வாங்கித் தருகிறோம்’ என்று தனிக் கட்டணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், எழுதிய அளவிலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிவிடுகிறது. பதிவு செய்து வைப்பது வழக்கு வந்தால் சான்றாக உதவலாம். ஆனால் உரிமை பதிவினால் பிறப்பதில்லை.

கேள்வி: நாவலைப் பலமுறை நானே திருத்தினேன். மொழியாசிரியரான நண்பர் ஒருவரும் பிழை பார்த்துக் கொடுத்தார். இதற்கு மேலும் எடிட்டர் வேண்டுமா?

பதில்: வேண்டும். உங்களிடம் இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், அதை இந்த வேலைக்கே செலவிடுங்கள் என்பேன். விளம்பரத்தால் வாசகரை முதல் பக்கம் வரை அழைத்துவரலாம். இரண்டாம் பக்கத்தைப் புரட்ட வைப்பது எழுத்துதான்.

உங்கள் நண்பர் செய்தது மெய்ப்புப் பார்த்தல். ஒற்று மிகும் இடம், எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி ஆகியவற்றை அவர் சரிசெய்திருப்பார். எடிட்டர் கேட்கும் கேள்விகள் வேறு: கதை உண்மையில் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த அத்தைக்குப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கடிதம் போவது எப்படி, இந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டால் எது குறையும், முடிவை வாசகர் எப்போது ஊகித்துவிடுகிறார்? முதல் நாவல்களில் நான் மிகுதியாகக் காண்பது, கதை தொடங்குவதற்கு முன் முப்பது பக்கங்களுக்கு நீளும் குடும்ப வரலாறு. எழுதுபவருக்கு அது தேவைப்பட்டிருக்கும், வாசகருக்குத் தேவைப்படுவதில்லை.

வரி அளவில் அவர் செய்யும் வேலைக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. ‘அவள் ஆழ்ந்த சோகத்தில் இருந்தாள். கண்களில் நீர் பெருகியது. அந்தத் துயரத்தை அவளால் தாங்க இயலவில்லை. மடித்து வைத்த அவன் சட்டையை எடுத்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.’ நல்ல எடிட்டர் முதல் மூன்று வாக்கியங்களை அடித்துவிட்டு நான்காவதை மட்டும் விட்டுவைப்பார். எழுதியவர் தம் வரியை நம்பாமல் முன்கூட்டியே விளக்கம் சொல்லிவிடுகிறார் என்பதை, அந்த வரிகளோடு ஆண்டுக்கணக்கில் வாழாத ஒருவரால்தான் எளிதில் காண முடியும்.

எடிட்டருக்குக் கொடுக்க இப்போது பணம் இல்லை என்றால், கைப்பிரதியைச் சில வாரங்கள் தொடாமல் வைத்திருந்து, பிறகு தாளில் அச்செடுத்து, முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். நா தடுமாறும் இடத்தில் வாக்கியம் பழுதாக இருக்கும். பாத்திரங்களின் பெயர், வயது, உறவு, நிகழ்ச்சிகளின் காலம் ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொண்டே போனால் முரண்கள் தாமே வெளிப்படும். பிறகு நாவல் படிக்கும் வழக்கமுள்ள நான்கைந்து பேரிடம் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்றுதான் பதில் வரும். ‘எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இடத்தில் குழம்பினீர்கள், யாருடைய பெயர் நினைவில் இல்லை?’ என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால், அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருந்தாலும் அந்த இடத்தில் சிக்கல் இருப்பது உறுதி.

இறுதி மெய்ப்பைப் பக்க வடிவமைப்பு முடிந்த பிறகே பார்க்க வேண்டும். எழுத்துருவை மாற்றும்போதும் வரிகளை உடைக்கும்போதும் புதிய பிழைகள் நுழையும்.

கேள்வி: முதல் பதிப்பில் எத்தனை படிகள் அச்சிடலாம்? ஐ.எஸ்.பி.என். எண் கட்டாயமா?

பதில்: பெயர் சொல்லி எண்ணக்கூடிய வாசகர்கள் எத்தனை பேரோ, அதைவிடச் சற்று அதிகமாக மட்டும் அச்சிடுங்கள். கேட்கும்போது அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் ஒரு படிக்கான செலவு கூடுதல். ஆனால் பணம் கட்டுக்கட்டாகப் படிகளில் முடங்கிக் கிடப்பதில்லை. தகடு செய்து மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் முறையில் தொடக்கச் செலவு பெரிது, படிகள் கூடக்கூட ஒரு படியின் செலவு குறையும். சில நூறு படிகள் விற்கும் என்று உறுதியாகத் தெரியும்வரை முதல் முறையே பாதுகாப்பானது. ஆஃப்செட்டுக்குப் போகும்போது பக்க எண்ணிக்கையைப் பாரக் கணக்கில் பாருங்கள்; பாரம் என்பது ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதி. பாரத்திற்கு 16 பக்கம் என்றால் 240 பக்கங்கள் சரியாக 15 பாரம். உங்கள் நாவல் 243 பக்கத்தில் முடிந்தால், அந்த மூன்று பக்கங்களுக்காகத் தாளும் கூலியும் கூடுதலாகப் போகும். எழுத்தின் அளவையோ வரி இடைவெளியையோ சிறிது மாற்றினாலே அதைத் தவிர்த்துவிடலாம்.

கடைகளிலும் நூலகங்களிலும் நூல் இடம்பெற வேண்டுமானால், நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என். தேவை. 2007 முதல் அது 13 இலக்க எண். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் புதிய எண் வேண்டியதில்லை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மட்டும் வெளியிடுவதாயின் அவர்களே தங்கள் அடையாள எண்ணை இலவசமாகத் தருவார்கள்.

கேள்வி: மின்னூலாக வெளியிட்டேன். மாதிரிப் பக்கங்களைப் படித்தவர்கள்கூட வாங்கவில்லை என்று தோன்றுகிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் மாதிரியை நீங்களே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கிண்டில் மாதிரி பெரும்பாலும் நூலின் தொடக்கத்தில் பத்து விழுக்காடு அளவுக்கு இருக்கும். அந்தப் பத்து விழுக்காட்டில் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை, சமர்ப்பணம் எல்லாம் வரிசையாக நின்றால், கதைக்கு எஞ்சுவது சில பக்கங்களே. சமர்ப்பணத்தை மட்டும் முன்னால் விட்டுவிட்டு மற்றவற்றை நூலின் இறுதிக்குக் கொண்டுபோங்கள். அணிந்துரை தந்த பெரியவர்கள் வருந்துவார்களோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. காரணத்தைச் சொன்னால் எழுதுபவர்களுக்கு அது விளங்கும்.

அடுத்து, நூல் பற்றிய குறிப்பு. ‘மனித உறவுகளின் ஆழங்களைப் பேசும் உன்னதப் படைப்பு’ என்பது எந்த நாவலுக்கும் பொருந்தும். ஆகவே எந்த நாவலையும் விற்காது. உங்கள் கடிதத்தில் கதையை இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறீர்களே, அதையே எழுதுங்கள்: ‘தந்தை இறந்த பிறகு அவருடைய கணக்கேட்டைப் பார்க்கும் மகள், தனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் இருபது ஆண்டுகளாக மாதந்தோறும் பணம் போயிருப்பதைக் காண்கிறாள்.’ யார், என்ன நேர்ந்தது, எதைத் தேடுகிறார் என்பவை வந்துவிட்டன. முடிவைச் சொல்லாதீர்கள், புகழுரையை வாசகருக்கு விட்டுவிடுங்கள். அட்டைப்படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் தலைப்பு படிக்க முடியாவிட்டால் வடிவமைப்பாளரிடம் மீண்டும் பேச வேண்டும்.

கேள்வி: எனக்குச் சமூக ஊடகங்களில் பழக்கமில்லை. என் நூலை நானே புகழ்ந்து எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் செலவிடவா?

பதில்: ஒரே ஒரு நூல் மட்டும் இருக்கும்போது கட்டண விளம்பரத்தில் போட்ட பணம் திரும்புவது அரிது, ஒரு நூலை விரும்பியவர் அடுத்ததையும் வாங்கும்போதுதான் அந்தச் செலவு ஈடாகும். ஆகவே இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் கூச்சத்தை மதிக்கிறேன். புகழ வேண்டியதில்லை, நாவலின் பொருளைப் பற்றி எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கேட்டு நாவலைப் போன்றதானால், கணக்கேடு எழுதும் பழக்கம், கடன், தந்தையரின் இரகசியங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பினால், அடியில் நூலின் பெயர் ஒரு வரியாக வந்தால் போதும். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே, உங்களுடைய வகை நாவல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுபவர்களைத் தேடி, அவர்கள் எழுதிய ஒன்றையாவது உண்மையாகப் படித்து, அதைக் குறிப்பிட்டுச் சுருக்கமான கடிதத்தோடு ஒரு படி அனுப்புங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். வாசகர் வட்டங்களுக்கும் நூலகங்களுக்கும் எழுதி, நீங்களே வந்து உரையாடத் தயார் என்று சொல்லுங்கள். எட்டுப் பேர் வந்த கூட்டம் என்றாலும், அந்த எட்டுப் பேரும் நாவலைப் படித்துவிட்டு வந்திருந்தால், வெளியீட்டு விழாவின் நிறைந்த அரங்கைவிட அது உங்கள் நூலுக்குப் பயன்படும்.

கேள்வி: உறவினர்களை ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதச் சொல்லலாமா?

பதில்: கூடாது. குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதுவதையும், பணத்துக்கு எழுதுவதையும் அமேசான் விதிகளே தடைசெய்கின்றன; கண்டறிந்தால் நீக்கிவிடுவார்கள். இலவசப் படி தரலாம், மதிப்புரையை அதற்கு நிபந்தனையாக்கக் கூடாது. நூலின் கடைசிப் பக்கத்தில், ‘படித்தது பற்றி இரண்டு வரி எழுதுங்கள்’ என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: நாவல் வெளிவந்து ஆறு மாதமாகிறது. மிகச் சில படிகளே விற்றன. நிறைய அச்சுப்பிழைகளையும் இப்போதுதான் கண்டேன். இதை விட்டுவிட்டு அடுத்ததை எழுதலாமா?

பதில்: அடுத்ததை இன்றே தொடங்குங்கள், ஆனால் இதைக் கைவிட வேண்டாம். பழைய நூல், புதிய நூல் என்ற வேறுபாடு கடையின் அலமாரிக்குத்தான் பெரிது. மின்னூல் தளத்தில் நூல் அப்படியே இருக்கும், இரண்டாம் நாவலைப் படித்தவர் முதலாவதைத் தேடி வருவார். அப்போது அவர் கையில் பிழையற்ற பிரதி கிடைக்க வேண்டும். மின்னூல் கோப்பையும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் கோப்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது சுயபதிப்பாளருக்குள்ள பெரிய வசதி. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்துவதற்குப் புதிய ஐ.எஸ்.பி.என். வாங்க வேண்டாம், அத்தியாயங்களைச் சேர்த்தோ நீக்கியோ உள்ளடக்கத்தை மாற்றினால்தான் புதிய பதிப்பாகக் கொண்டு புதிய எண் பெற வேண்டும். கையில் அச்சிட்ட படிகள் மீதமிருந்தால், திருத்தப் பட்டியலை ஒரு சிறு தாளில் அச்சிட்டு உள்ளே வையுங்கள். பிழைகளைக் களைந்த பிறகு குறிப்பையும் அட்டையையும் மேலே சொன்னபடி சோதித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு மாத விற்பனையைக் கவனியுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போகும்.