மொரிஸ் மைனர் கார்: தகரத்தை வெல்டிங்கில் ஒட்டும்போது ஓட்டை விழுந்தால்

கதவுக்குக் கீழுள்ள தகரத்தில் நீளமாக வெல்டிங் கோடு இழுக்காதீர்கள். ஓட்டை விழுவது பெரும்பாலும் அதனால்தான். மிக் வெல்டரால் (வயரை உருக்கி, கேஸால் காற்றைத் தடுத்து ஒட்டும் கருவி) ஒரு நொடிப் பொட்டு வையுங்கள், 3 செ.மீ. தள்ளி அடுத்தது. கை வைக்கிற அளவுக்குச் சூடு ஆறிய பிறகுதான் இடைவெளியை நிரப்ப வேண்டும். வெல்டரில் 0.8 மி.மீ. வயர் இருந்தால் 0.6க்கு மாற்றுங்கள்.

அப்படியும் உருகி ஓடினால், கறள் உள்ளிருந்து தின்றிருக்கும். என் காரில் வெளியே பெயின்ட் பளபளத்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் ஊறிய பிஸ்கட் போல உள்ளே போனது. நீங்களும் குத்திப் பாருங்கள். போனால், பளிச்சென்ற தகரம் தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வையுங்கள்.

கொழும்பு வெக்கைக்கு மின்விசிறி போட்டிருந்தால் நிறுத்துங்கள், அது வெல்டரின் கேஸைக் கலைத்துவிடும்.

அப்புறம், டிக்கிக்கு அடியில்தான் பெட்ரோல் தாங்கி. பின்பக்கம் ஒட்டுமுன் அதைக் கட்டாயம் கழற்றி வெளியே வையுங்கள்.