பழைய சட்டை, அரிசிம்பருப்பு, நொய்யல் தண்ணீர்

வேலைக்கு என்ன உடுத்துவீர்கள், மதியம் என்ன சாப்பாடு, வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் தனித்தனி கேள்வியாகத் தெரியலைங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வரும் பீஸை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க்கறை பட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

உடுத்துவது காட்டன் சேலை. அதன்மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. கொங்குப் பக்கம் இதை எங்கேயும் பார்க்கலாம். காட்டில், அதாவது விவசாய நிலத்தில், களை வெட்டுகிற அம்மணிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், எல்லோரும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்கள். வெயிலும் சுணையும் உடம்பில் படாது. எங்களுக்குப் பஞ்சுத்தூசி படாது. முந்தானையும் அடங்கி நிற்கும், மெஷின் பக்கம் போனால் சிக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. குழந்தைகள் துணி ஓடும் லைனில் சேலைக்கு ஊக்குக் குத்த விடமாட்டார்கள், முந்தானையைச் சட்டைதான் பிடித்து நிறுத்தணும். தைக்கும்போது ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் டெய்லருக்குப் புது ஊசி. நுனி மட்டும் கிடைக்காமல் போனால் அந்த இடத்தில் இருக்கிற பீஸ் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கி, ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டு எடுப்பார்கள். எங்கோ ஒரு கைக்குழந்தையின் வயிற்றில் உரசப்போகிற துணி அது. அதற்காக எவ்வளவு நேரம் தேடினாலும் தகும்.

சாப்பாடு பெரும்பாலும் அரிசிம்பருப்பு. 8:30-க்கு ஷிப்ட் என்றால் காலையில் குழம்பு, பொரியல் என்று நின்றுகொண்டிருக்க முடியாது. கடலெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் தாராளமாக, தட்டிய பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள். 1 டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடவே துவரம்பருப்பு, 3 டம்ளர் தண்ணீர். குக்கரை மூடிவிட்டுக் குளிக்கப் போய்விடலாம். மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கத் தயிரும் ஊறுகாயும். மழைக்காலம் வந்தால் கொள்ளு: வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு, பயறு கடைசலுக்கு.

எங்கள் செக்‌ஷனில் ஒடிசாப் பெண்கள் இருக்கிறார்கள். "அக்கா, பருப்பு சாதம்" என்று டப்பாவை நீட்டுவார்கள். கடுகெண்ணெயில் வதக்கிய அவர்கள் உருளைக்கிழங்கு என் டப்பாவுக்கு வந்துவிடும். அந்த அரை மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி, வாழ்க்கையைப் பற்றி. என் அம்மா ஊர் ஒரத்துப்பாளையம் பக்கம். நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-இல் அங்கே அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணீர். கிணறு உப்பாச்சு, காடு கெட்டுப்போச்சு. அணை இருந்தும், தண்ணீரைத் திறந்து விடாதீர்கள் என்று விவசாயிகள் கேட்கும் நிலைமை வந்தது. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்கள். அதன்பிறகு சுத்திகரிப்பு செய்து, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் இருந்தால்தான் ஓட்டலாம் என்றாச்சு. என் வீட்டில் உலை கொதிப்பது இந்தத் தொழிலால்தான். அம்மா வீட்டுக் காடு வீணானதும் இதே தொழிலால்தான். இரண்டும் நிஜம். தொழில் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு துணிக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீரும் எத்தனை பேர் கையும் இருக்கிறது என்று தெரிந்தபிறகு அதைச் சும்மா தூக்கிப்போட மனசு வருவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டை முதலில் தீபாவளிக்கு, அப்புறம் அவர் வேலைக்கு, காலர் நைந்ததும் என் மேல், கடைசியில் வண்டி துடைக்கக் கரித்துணி. திருப்பூரின் துணிக்கடைப் பகுதியான காதர்பேட்டையில் விலை கம்மி என்று பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒப்புவதில்லை. இரண்டு எடுங்கள், நல்லதாக எடுங்கள். டீசர்ட்டை உள்பக்கம் திருப்பித் தோள் தையலைப் பாருங்கள், டேப் என்கிற ஒல்லியான துணிப்பட்டை வைத்துத் தைத்திருந்தால் தோள் தொங்காது. கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டையை, அதுதான் ரிப், விரலால் இழுத்து விடுங்கள், பழைய அளவுக்கே திரும்பணும். பக்கத் தையல் கோணாமல் நேராக இறங்கணும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தைரியமாக எடுக்கலாம்ங்க.