பத்தாயிரம் ரூபாய் அபராதத்தோடு முடிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்; கைக்கு வரும் சம்பளம் மாதம் 96,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 34,000, கார் கடன் தவணை 13,500. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு மது அருந்திவிட்டு வேளச்சேரி வழியாகக் காரை ஓட்டி வந்தபோது சென்டர் மீடியனில் மோதிவிட்டேன். யாருக்கும் காயமில்லை. போலீசார் ஊதச் சொன்னதில் 86 என்று காட்டியது. வழக்குப் பதிவாகியிருக்கிறது, இன்னும் நீதிமன்றம் செல்லவில்லை. பழுது நீக்க ஒர்க்‌ஷாப்பில் 1,38,000 ரூபாய் கேட்கிறார்கள். என் மைத்துனர் ஓட்டியதாக எழுதி இன்சூரன்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். கையில் 2.5 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது. அதிலிருந்து கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கன்சல்டன்ட்டுக்கு 1.5 லட்சம் முன்பணம் தர எண்ணியிருந்தேன். 50 லட்ச ரூபாய்க்கு டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுக்கும் யோசனையும் உண்டு. 10,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்தானே? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை)

பதில்: முடியாது. உங்கள் கணக்கில் இருப்பவற்றிலேயே மிகச் சிறிய தொகை அந்தப் பத்தாயிரம்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதை எல்லையாக வைத்திருக்கிறது; உங்களுடைய அளவு அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுமுறை சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம் என்று உயரும். ஹெல்மெட் இல்லாததற்குக் கட்டுவதுபோல் சாலையிலேயே பணம் கட்டி முடிக்கக்கூடிய குற்றம் அன்று இது. நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினாலும், சட்டத்தின் பார்வையில் நீங்கள் தண்டனை பெற்றவர்தான். ‘ஃபைன் கட்டினேன், அவ்வளவுதான்’ என்று நண்பர்களிடம் சொல்லலாம். ‘எப்போதாவது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா’ என்று கேட்கும் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுத முடியாது. ஆகவே ஒப்புக்கொள்வதா, எதிர்த்து வாதாடுவதா என்பதை ஆவணங்களைப் பார்த்து ஒரு குற்றவியல் வழக்கறிஞர் சொல்லட்டும். உங்கள் நிலையில் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அன்று. ‘கேஸே இல்லாமல் செய்து தருகிறேன்’ என்று வரும் புரோக்கருக்குக் கொடுப்பதுதான் வீண்; அது இன்னொரு குற்றமும்கூட.

இனி அந்த 1,38,000 ரூபாய்க்கு வருவோம். மது அருந்திய நிலையில் ஓட்டும்போது வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்பது கார் பாலிசிகளில் வழக்கமாக உள்ள விலக்கு. 2007ஆம் ஆண்டு தில்லி இந்தியா கேட் அருகே விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே கார் தொடர்பான வழக்கில், சோதனை முடிவு கைவசம் இல்லாத நிலையிலும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது சரி என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் விஷயத்திலோ அளவு எண்ணாகவே பதிவாகியிருக்கிறது.

மைத்துனர் பெயரை எழுதும் யோசனையை இன்றே கைவிடுங்கள். கிளெய்ம் படிவத்தில் ஓட்டியவர் யார், அவருடைய லைசென்ஸ் எண் என்ன, அவர் மது அருந்தியிருந்தாரா என்ற கேள்விகள் இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுபவர் ஏஜென்ட் அல்லர், நீங்கள். அதே இரவில், அதே வண்டிக்கு, உங்கள் பெயரில் போலீஸ் வழக்கு இருக்கிறது. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் அதைத் தேடி எடுக்க அதிக நேரம் ஆகாது. இழப்பீடு மறுக்கப்படுவதோடு நில்லாமல், அபராதத்தோடு போயிருக்கக்கூடிய ஒரு விவகாரம் மோசடி வழக்காக மாறும். அதில் உங்கள் மைத்துனரும் மாட்டிக்கொள்வார்.

பழுதைக் கைக்காசில்தான் பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பாகம் பாகமாக எஸ்டிமேட் கேளுங்கள். இன்சூரன்ஸ் தரும் என்று நினைத்துப் போடும் எஸ்டிமேட்டுக்கும் வாடிக்கையாளர் தன் பையிலிருந்து தருகிறார் என்று தெரிந்து போடும் எஸ்டிமேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ஏர்பேக், ஹெட்லைட் ஆகியவற்றை இப்போதே சரிசெய்யுங்கள். பம்பர் பெயின்ட் காத்திருக்கும். தவணைகள் போக உங்களுக்கு மாதம் 48,500 ரூபாய் மிஞ்சுவதால், டெபாசிட்டை உடைக்காமல் அதன்மீதே வங்கியில் கடன் வாங்கி ஆறேழு மாதங்களில் அடைத்துவிடலாம். வட்டி டெபாசிட் வட்டியைவிட ஓரிரு விழுக்காடுதான் கூடுதலாக இருக்கும். கிரெடிட் கார்டில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். நீதிமன்றமோ ஆர்.டி.ஓ.வோ உங்கள் லைசென்ஸைச் சில மாதங்களுக்கு முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் ‘பக்கத்துத் தெருவுக்குத்தானே’ என்று வண்டியை எடுத்தால் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ தனியாக வரும். ஆனால் நான் அஞ்சுவது அதற்காக அன்று. அந்த நேரத்தில் ஒருவர்மீது மோதிவிட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல லட்சங்களைத் தாண்டலாம். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. குடிபோதையில் ஓட்டிய விபத்துக்கும் இதே கதிதான். அப்படி வசூலிக்க வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீடுதான். பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் போதையில் ஓட்டியவருக்குக் கிடைக்காது. அந்த மாதங்களில் பேருந்திலோ அலுவலக கேபிலோ செல்லுங்கள். மனைவியிடம் லைசென்ஸ் இருந்தால் அவர் ஓட்டலாம். வெளியூர் போக வேண்டுமானால் ஆக்டிங் டிரைவரை அழையுங்கள்.

கன்சல்டன்ட்டுக்கு முன்பணம் இப்போது வேண்டாம். கனடா 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வண்டி ஓட்டுவதற்கான உச்சபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டாக உயர்த்தியது. அதனால் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் இது கடுமையான குற்றங்களின் வரிசைக்குப் போய்விட்டது. இங்கே நமக்கு வெறும் அபராதம் என்று தோன்றுவது அங்கே நுழைவு மறுப்புக்குக் காரணமாகலாம். தண்டனை முடிந்து ஐந்தாண்டு கழித்து அதற்கென விண்ணப்பித்து விலக்குக் கோர வழி உண்டு; அது நிச்சயமானதன்று. இதை மறைத்து விண்ணப்பித்துப் பிடிபட்டால், பொய்த் தகவல் தந்ததற்காகவே ஐந்தாண்டு தடை வரும். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தாலும், குற்றவியல் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை சிக்கல் வரும் என்பதால் வழக்கை இழுத்தடிப்பதில் உங்களுக்கு லாபமில்லை.

டெர்ம் பாலிசியைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கடன்கள் தலைமேல் இருக்கும்போது அது அவசியம். விண்ணப்பத்தில் எவ்வளவு குடிப்பீர்கள், வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டால் உள்ளபடி எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடலாம். மறைத்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்குள் அதைக் காரணம் காட்டி நிறுவனம் பாலிசியை ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. அப்போது அலைவது உங்கள் மனைவியாக இருக்கும்.

சிபில் மதிப்பெண்ணில் இந்த வழக்கு வராது, தவணை தவறினால்தான் வரும். அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதற்கு உங்கள் பணி நியமன ஆணையில் விடை இருக்கும், எடுத்துப் படியுங்கள். பழுதுக்காகக் கிளெய்ம் செய்யாததால் உங்கள் நோ கிளெய்ம் போனஸ் கெடாது. தொடர்ந்து மூன்று ஆண்டு கிளெய்ம் இல்லையென்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 35 விழுக்காடு தள்ளுபடி உண்டு. லைசென்ஸ் முடங்கியிருக்கும் மாதங்களில் வண்டி சும்மா நின்றாலும், பாலிசியைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். காலாவதியாகி 90 நாள் கடந்தால் அந்தத் தள்ளுபடியும் போய்விடும்.